ஐந்தாம் மாதம், நாள் முழுக்கக் கதிரை: நடக்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. முதல் பிள்ளை, இப்போது ஐந்தாம் மாதம். திருகோணமலை டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. காலை எட்டரைக்குக் கதிரையில் இருந்தால் பின்னேரம் நாலரைக்குத்தான் எழும்புவேன். வீட்டுக்கு வந்தால் அம்மா "காலை நீட்டி இரு பிள்ளை" என்று ஒரு வேலையும் தொட விடுகிறா இல்லை. கணவரோ நடக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி? பிள்ளை பிறந்த பிறகு எப்போது நடக்கத் தொடங்கலாம்? இப்போதுதான் கல்யாணமான தங்கச்சியும் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்கிறாள். (வாசகி, உவர்மலை)

பதில்: நான் உங்கள் கணவர் பக்கம்தான், ஆனால் அவரும் பாதிதான் சொல்லியிருக்கிறார். பின்னேரம் அரை மணி நேரம் நடந்துவிட்டால் நாள் முழுக்கக் கதிரையில் இருந்தது சரியாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், சிக்கல் ஏதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை அசைக்கச் சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே இருக்கும் நேரத்தைக் குறைக்கும்படியும் தனியாகச் சொல்லியிருக்கிறது.

ஆகவே முதலில் கதிரையைப் பார்ப்போம். கர்ப்ப காலத்தில் இரத்தம் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக உறையும், வளரும் கருப்பையும் கால்களில் இருந்து இரத்தம் மேலே திரும்புவதைத் தடுக்கும். அந்த நிலையில் மணிக்கணக்காகக் காலைத் தொங்கப்போட்டு இருந்தால் கணுக்கால் வீங்கும், இடுப்பு பிடிக்கும், சிலருக்குக் கால் நரம்பில் இரத்தம் கட்டிப்போகவும் இடமுண்டு. அரை மணிக்கொரு தரம், அதிகம் போனால் ஒரு மணிக்கொரு தரம், எழும்புங்கள். போத்தல் தண்ணீரை மேசையில் வைக்காமல் தள்ளி வையுங்கள், ஃபோன் வந்தால் நின்றுகொண்டு கதையுங்கள், பக்கத்து மேசைக்கு ஃபைலை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். எழும்ப முடியாத மாதக் கடைசி என்றால் இருந்தபடியே குதிகாலை ஊன்றி முன்பாதத்தை மேலே தூக்குங்கள், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள், இருபது தரம். மேலதிகாரி பார்த்தாலும் ஒன்றும் விளங்காது.

இனி நடை. இதுவரை நடந்து பழக்கமில்லை என்றால் பத்து நிமிடத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல ஒரு நாளைக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என்று கூட்டுங்கள். வேகத்தை அறிய மெஷின் தேவையில்லை: நடக்கும்போது கணவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. கதைக்கவே மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது.

எங்கே நடப்பது? உட்துறைமுக வீதி நல்லது, சமதரை. டச்சுக் குடாவில் காற்று வாங்கலாம், ஆனால் புதையும் மணலில் வேகமாக நடக்க வேண்டாம், கர்ப்பத்தில் மூட்டுகள் இளகியிருப்பதால் கணுக்கால் லேசில் பிசகும். கோணேசர் கோயில் ஏற்றம்? கோட்டைக்குள் மான்களைப் பார்த்துப் பார்த்து ஆறுதலாக ஏறினால் தவறில்லை, வெள்ளிக்கிழமைக் கூட்ட நெரிசலில் வேண்டாம். நான் பெரிதாகக் கவலைப்படுவது நம் வெயிலைப் பற்றித்தான். கச்சான் வீசுகிற மாதங்களில் காலை ஏழுக்கு முன்னரோ பின்னேரம் ஐந்தரைக்குப் பின்னரோ மட்டும் நடங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும்.

அம்மா சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். அவருடைய பயத்துக்கு இடமுள்ளவர்களும் இருக்கிறார்கள்: நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக் கிடப்பவர்கள், பிரஷர் ஏறியவர்கள், இரத்தம் மிகக் குறைந்தவர்கள், இடையில் இரத்தம் பட்டவர்கள். அடுத்த கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடமோ டொக்டரிடமோ "நான் நடக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் எழுதுவதைவிட மிஸ் வாயால் வந்தால் அவர் நம்புவார். நடக்கும்போது இரத்தம் படுதல், நீர் கசிதல், விட்டுவிட்டு வயிறு இறுகி வலித்தல், நெஞ்சு நோ, தலைச்சுற்று, கடும் தலையிடி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல், இதில் எது வந்தாலும் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை வெளியே விட மாட்டார்கள், தெரியும். அதை உடைக்கச் சொல்ல மாட்டேன், பத்தியச் சாப்பாட்டையும் விடச் சொல்ல மாட்டேன். ஆனால் அறைக்குள்ளேயே படுத்துக் கிடப்பதை மட்டும் ஏற்க ஏலாது, ஏனென்றால் இரத்தக்கட்டு ஆபத்து கர்ப்பத்தைவிடப் பிரசவத்துக்குப் பின்வரும் முதல் ஆறு வாரத்தில்தான் அதிகம். சிசேரியன் என்றாலும் அப்படித்தான், ஆஸ்பத்திரியிலேயே எழுப்பி நடக்க விடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் விறாந்தையில் அங்குமிங்கும் நடங்கள், குழந்தையைவிடப் பாரமான எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்காதீர்கள். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்படித் தசையை இறுக்கி, சில நொடி வைத்து, தளர்த்துங்கள். பால் கொடுக்கும்போதே செய்யலாம். தும்மினால் சிறுநீர் சொட்டுகிறதென்று பிறகு சொல்ல வெட்கப்படுகிற பெண்கள் ஏராளம், அதைக் குறைக்க இது நல்ல வழி. மிதமான நடையால் பால் வற்றாது. ஓட்டம், துள்ளல் எல்லாம் மூன்று மாதம் கழியட்டும்.

தங்கச்சிக்கு: ஓம், இப்போதே தொடங்கலாம். கர்ப்பத்துக்கு முன்பே உடல் பழகியிருந்தால், கர்ப்பத்தில் வரும் சீனி வருத்தத்துக்கான வாய்ப்பு குறையும், மசக்கை முடிந்த கையோடு நடையைத் தொடரவும் இலகு. பின்னேரத்தில் அவளையே உங்களுக்குத் துணைக்குக் கூட்டிப் போங்கள், கணவர் வேலையால் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.