கிரேக்க நாட்டுப்புற வாத்தியக் கலைஞர்கள்ல ஒரே ஒருத்தரோட வாசிப்பை மட்டும் கேக்கணும்னா யாரோடதைக் கேக்கலாம்?

கிரேக்க இசைன்னாலே நிறைய பேர் புசூக்கிங்கற தந்தி வாத்தியத்தைத்தான் சொல்வாங்க, ஆனா என்னோட பதில் பெட்ரோலூக்காஸ் ஹல்கியாஸ். கிளாரினெட் வாசிச்சவர். 1934ல கிரீஸோட வடமேற்கு மூலையில, அல்பேனியா எல்லையை ஒட்டின எபிரஸ் மலைப்பகுதியில டெல்வினாக்கின்னு ஒரு ஊர்ல பிறந்தார். அப்பா பெரிக்லிஸும் கிளாரினெட் கலைஞர்தான். அந்தப் பக்கம் வாத்தியம்ங்கறது அப்பா பிள்ளைக்குன்னு கைமாறி வர்ற பரம்பரைத் தொழில், நொட்டேஷன் எல்லாம் கிடையாது, பெரியவங்க வாசிக்கறப்ப பக்கத்துல இருந்து கேட்டு கேட்டு பிடிச்சுக்கறதுதான்.

கிளாரினெட்டே அங்க 19ஆம் நூற்றாண்டுலதான் வந்துச்சு, ஆனா அவங்க அதை தங்களோட வாத்தியமாவே மாத்திக்கிட்டாங்க. எபிரஸ் பாட்டுங்க பெரும்பாலும் அஞ்சு ஸ்வரத்துல நிக்கும், கர்நாடக சங்கீதம் கேக்கறவங்களுக்கு சுத்த தன்யாசி பக்கத்துல இருக்கற மாதிரி தெரியும். அதுல 'மிரோலோய்'னு ஒரு வகை இருக்கு, ஒப்பாரிதான், ஆனா வார்த்தை இல்லாம வெறும் வாத்தியத்துலயே வாசிப்பாங்க. எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது என்னன்னா, ஊர் திருவிழாவை ஆரம்பிக்கறதே இந்த ஒப்பாரியை வெச்சுத்தான், போய்ச் சேர்ந்தவங்களையும் ஊரை விட்டுப் போனவங்களையும் முதல்ல நினைச்சு முடிச்சுட்டுத்தான் ஆட்டம் பாட்டம் எல்லாம், அப்புறம் விடிய விடிய நிக்காது.

ஹல்கியாஸ் மிரோலோய் வாசிக்கறதை கவனிச்சு கேளுங்க. லவுட்டோ (நீளக் கழுத்து வெச்ச தந்தி வாத்தியம்) ஒரே சுருதியை பிடிச்சுட்டு இருக்கும், இவர் மேல ஒரு ஸ்வரத்தை எடுத்து கொஞ்ச நேரம் நிறுத்தி, அதுக்கப்புறம் அதை அப்படியே வழுக்கிக்கிட்டு கீழ இறக்குவார், இறங்கி முடியறதுக்குள்ள சின்னதா ஒரு வெட்டு, தேம்பி அழறவங்களுக்கு மூச்சு அறுந்து அறுந்து வருமே அது மாதிரி. வேகமா வாசிச்சு அசத்தணும்ங்கற எண்ணமே இருக்காது. எத்தனையோ பேர் அவரை விட வேகமா வாசிச்சிருக்கலாம், ஆனா அந்த இறக்கத்துல அவர் எடுத்துக்கற நிதானம் வேற யாருக்கும் வரலைன்னுதான் நான் சொல்வேன்.

எபிரஸ் கரடுமுரடான மலை பூமி, பிழைப்பு தேடி தலைமுறை தலைமுறையா வெளிய போன ஜனங்க, அவங்க பாட்டுல பாதி பிரிவைப் பத்தினதுதான். இவரும் 1960ல அமெரிக்கா போயிட்டார், கிட்டத்தட்ட 20 வருஷம் நியூயார்க்ல அங்க குடியேறின கிரேக்கக்காரங்களோட கல்யாணத்துக்கும் விழாவுக்கும் வாசிச்சார். பிரிவுப் பாட்டை பிரிஞ்சு வந்தவங்களுக்கே, தானும் பிரிஞ்சு வந்த ஒருத்தரா வாசிச்சிருக்கார்னு நினைச்சுப் பாத்தா அவரோட வாசிப்புல இருக்கற கனம் எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியுது. அப்புறம் கிரீஸுக்கே திரும்பி வந்து, மறுபடி ஊர் விழா, கச்சேரி, ரெக்கார்டிங்னு கடைசி வரைக்கும் வாத்தியத்தை கீழ வைக்கவே இல்ல.

வயசான காலத்துல வசிலிஸ் கோஸ்டாஸ்னு பேரன் வயசு லவுட்டோ கலைஞரோட சேர்ந்து 2019ல 'தி சோல் ஆஃப் எபிரஸ்'னு ஒரு ஆல்பம் போட்டார். லவுட்டோ வழக்கமா தாளத்துக்கும் சுருதிக்கும்தான், ஆனா இந்தப் பையன் கிளாரினெட்டோட குழைவையெல்லாம் தந்தியில கொண்டு வரப் பாக்கறான், பெரியவர் அவனுக்கு இடம் விட்டு விட்டு வாசிக்கறார். 80 தாண்டின மூச்சு அதுன்னு சொன்னாத்தான் தெரியும். 2025 ஜூன்ல, 90 வயசுல காலமானார்.

புதுசா கேக்கறவங்க அந்த ஆல்பத்துல இருந்தே தொடங்குங்க, அப்புறம் அவரோட சொந்த ஊர் இருக்கற போகோனி வட்டாரத்து நடனமான 'போகோனிசியோ'வை அவர் வாசிச்சதை தேடிக் கேளுங்க, மெதுவான நாலு எண்ணிக்கை தாளம், கைகோத்து வட்டமா ஆடறது. ஃபோன் ஸ்பீக்கர்ல மட்டும் கேக்காதீங்க, ஹெட்ஃபோன் போட்டாத்தான் அந்த கீழ் ஸ்தாயி முழுசா காதுல விழும்.