கண்ணை மூடச் சொன்னால் சிரிக்கிறார்கள், டீச்சர்!

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் எனக்கு ஒரே அறையில். மதியச் சாப்பாடு முடிந்ததும் இரைச்சல், அடிதடி. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு தினமும் ஐந்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்கிறேன். ஒருவன் சிரித்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்தவனை வெளியே நிறுத்தியும் பலனில்லை. என்ன செய்யலாம் டீச்சர்?
- ஓர் ஆசிரியை, மன்னார்குடி வட்டம்

பதில்: வெளியே நிறுத்துவதை முதலில் விட்டுவிடுங்கள் அம்மா. அமைதியையும் தண்டனையையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டால், அதுவும் இன்னொரு 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' ஆகிவிடும். ஐந்து நிமிடம் என்பது ஆறு வயதுக்கு ரொம்ப நீளம், அரை நிமிடத்தில் ஆரம்பியுங்கள். கண்ணையும் மூட வேண்டியதில்லை, தரையைப் பார்த்தால் போதும். வீட்டில் அடி வாங்குகிற பிள்ளைக்கு, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவது நிம்மதி தராது. சிரிப்பில் பாதி கூச்சம், கொஞ்சம் பயமும் இருக்கும்.

சின்னப் பிள்ளைக்குப் பார்க்க, கேட்க, தொட ஏதாவது வேண்டும். உங்கள் பள்ளியில் மணிக்குப் பதில் தண்டவாளத் துண்டு தொங்குகிறதா? ஒரே ஒரு தட்டு தட்டி, ஓசை எப்போது காதை விட்டுப் போகிறதோ அப்போது கையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கையும் ஒவ்வொரு நேரத்தில் எழும், யாருடையதும் தப்பில்லை என்று சொல்லிவிடுங்கள். ஓசை அடங்கிய பிறகு வேறென்ன கேட்டது என்று கேட்டால் போர்செட் மோட்டார், மயில், சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவும் சத்தம், தூரத்தில் அறுவடை மெஷின் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். எப்போதும் பேசாத பிள்ளைதான் நிறையக் கேட்டிருக்கும், கவனித்துப் பாருங்கள்.

நம் ஊர்த் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை ஒன்று மேஜையில் இருக்கட்டும். லேசாகத் தட்டிவிட்டு, அது ஆடி அடங்கும்வரை எல்லோரும் பேசாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. பழகிய பிறகு, "உனக்குக் கோபம் வரும்போது உள்ளே எது இப்படி ஆடுகிறது?" என்று கேளுங்கள். வயிறு, கை, தொண்டை என்று பதில் வரும். கோபம் உடம்பில் எங்கே ஏறுகிறது என்று தெரிந்த பிள்ளைக்கு, கை நீள்வதற்கு முன்னால் ஒரு நொடியாவது கிடைக்கிறது. நமக்கு வேண்டியது அந்த நொடிதான்.

மூச்சு அப்புறம் வரட்டும். அதிலும் ஆழமாக இழுப்பதைவிட நீளமாக விடுவதைப் பழக்குங்கள், வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. கையில் சூடான சாதத்தட்டு இருப்பதாக வைத்துக்கொண்டு மெதுவாக ஊதச் சொன்னால் தானாக வந்துவிடும். பாயில் படுக்க வைத்து, வயிற்றின் மேல் காகிதக் கப்பலை ஏற்றினால், அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், தூங்கட்டும். வீசிங் உள்ள பிள்ளைகளை மூச்சை அடக்க மட்டும் சொல்லாதீர்கள்.

சாப்பிட்டதும் உட்கார வைக்காமல் மரத்தடியில் பத்து நிமிடம் திரியவிட்டு, கை கால் கழுவி உள்ளே வரச் சொல்லுங்கள். இன்னொன்று, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்: போனில் எமிஸ் (பள்ளிக் கல்வித்துறையின் இணையப் பதிவு) விவரம் ஏற்றிக்கொண்டே "அமைதி!" என்று கத்தினால் பிள்ளைகள் கத்தலைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அந்த அரை நிமிடம் போனைக் கவிழ்த்துவிட்டு நீங்களும் அவர்களோடு ஓசையைக் கேளுங்கள்.

கேள்வி: என் பையனுக்கு ஏழு வயது. அறுவடை முடிந்த வயலில் மேய வந்த வாத்துகள் மேல் கல் எறிகிறான், தெருநாயையும் விடுவதில்லை. வாத்து மேய்க்கிறவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டார், அவன் அப்பா அடித்துவிட்டார். இரக்கத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
- ஒரு தாய், பாபநாசம்

பதில்: அடித்து இரக்கம் வராதம்மா. பலம் உள்ளவன் இல்லாதவனை அடிக்கலாம் என்பதைத்தான் அந்த அடியிலிருந்து அவன் எடுத்துக்கொள்வான், இதை அவன் அப்பாவிடம் தனியாக, அவர் நிதானமாக இருக்கும்போது சொல்லுங்கள். இந்த வயதில் கல் எறிவது பெரும்பாலும் குறிபார்க்கிற ஆசையும், பட்டால் என்ன ஆகும் என்கிற வேடிக்கையும்தான். கொட்டாங்கச்சியை அடுக்கிவைத்துப் பந்தால் அடிக்கட்டும், அந்த ஆசை அங்கே தீரட்டும்.

பிறகு வாத்துக்காரரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டாய மன்னிப்பு வேண்டாம், வாய் சொல்லும், மனசு முறைத்துக்கொண்டிருக்கும். ராத்திரி எங்கே அடைப்பீர்கள், இத்தனையையும் எப்படி எண்ணுவீர்கள் என்று அவனே கேட்கட்டும். பெரும்பாலும் விடிவதற்கு முன்னால்தான் முட்டையிடும் என்று தெரிந்தால், பொழுது விடியப் பட்டிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவனே நச்சரிப்பான். ஊர் ஊராக வாத்துகளோடு நடந்து வருகிற மனிதரின் வாயாலேயே அந்தக் கஷ்டத்தைக் கேட்ட பிள்ளை அடுத்த கல்லை எடுக்கும்போது யோசிக்கும். "இதைச் சரிசெய்ய நீ என்ன செய்யலாம்?" என்று அப்போது கேளுங்கள், பதிலை அவனே தேடட்டும்.

வீட்டு வாசலில் ஒரு மண்சட்டி வையுங்கள், நாய்க்குத் தண்ணீர் ஊற்றுவது அவன் வேலை. மறந்தால் ஞாபகப்படுத்துங்கள், நீங்களே ஊற்றிவிடாதீர்கள். கிட்டப் போய்த் தொட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட வேண்டும், தள்ளிப்போடவே கூடாது.

கேள்வி: எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறுகிற பிள்ளைகளுக்கு அமைதி, அன்பு என்று வகுப்பு எதற்கு? இதனால் பலன் உண்டு என்று நிரூபணம் ஆகியிருக்கிறதா?
- ஒரு தாத்தா, திருவாரூர்

பதில்: நியாயமான கேள்வி ஐயா. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் நர்சரி முதல் எட்டாம் வகுப்புவரை இதற்கென்றே தினமும் ஒரு பீரியடு ஒதுக்கினார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் 68 மழலையர் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. அன்பையும் கவனத்தையும் பழக்கும் 12 வாரப் பயிற்சி, முன்னும் பின்னும் ஸ்டிக்கரைப் பகிர்ந்துகொள்ளும் சோதனை. பயிற்சி இல்லாத பிள்ளைகள் நாளாக ஆகத் தங்களுக்கே அதிகம் வைத்துக்கொண்டார்கள். சின்ன ஆய்வுதான். பிரிட்டனில் 11 முதல் 13 வயதுவரையுள்ள 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம், மூச்சையும் மனசையும் கவனிக்கும் பயிற்சியை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது: வழக்கமான வகுப்புகளைவிட மாணவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை, பெரும்பாலானோர் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. ஆசிரியர்களின் சோர்வு குறைந்தது, அதுவும் ஒரு வருடத்தில் பெரும்பாலும் கரைந்துவிட்டது.

அதனால் பாடத்திட்டம், பரீட்சை என்று இதை ஆக்குவதில் எனக்கும் சம்மதம் இல்லை. பெரியவர்கள் தாங்களும் செய்தால், அதுவும் தினமும் கொஞ்சமாகச் செய்தால் மட்டுமே நம்புகிறேன். எழுத்துக்கூட்டித் திணறுகிற பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்காத வகுப்பில் அந்தப் பிள்ளை சீக்கிரம் வாசிக்கும், இரண்டும் வேறு வேறு வேலை இல்லை ஐயா. பேரன் பள்ளிவிட்டு வந்ததும் மார்க்கைக் கேட்கும் முன்னால் டிவியை அணைத்துவிட்டு, "இன்று யாருக்கு உதவி செய்தாய், உனக்கு யார் செய்தார்கள்?" என்று கேளுங்கள். முதலில் "யாருமில்லை" என்பான். விடாமல் கேளுங்கள், ஒருநாள் உங்களையும் அதையே கேட்பான், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.