ஒரே வீட்டுக்கு மூன்று விலை, யார் சொல்வது சரி?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில், 1,200 சதுர அடி மனையில் 1996-ல் கட்டிய வீடு. 62 லட்சம் கேட்கிறார்கள். புரோக்கர் மலிவு என்கிறார், வங்கி மதிப்பீட்டாளர் 48 போட்டிருக்கிறார், என் மாமனார் 40-க்கு மேல் வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: மூவரும் அவரவர் கணக்கில் சரிதான். பழைய கட்டடத்துக்கு என்ன மதிப்பு என்று மாமனார் மனையை மட்டும் பார்க்கிறார். நீங்கள் தவணை கட்டாவிட்டால் விற்று எவ்வளவு தேறும் என்று வங்கி பார்க்கிறது. புரோக்கர் பார்ப்பது உங்கள் அவசரத்தை. "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோட வர்றாங்க" என்பாரே, அந்தப் பார்ட்டி எப்போதும் சாயங்காலம்தான் வரும். விலை ஏறினால் அவர் கமிஷனும் ஏறும்.

இதைவிட மோசம், "வேறு மதிப்பீட்டாளரை வைத்து வங்கி மதிப்பை ஏற்றித் தருகிறேன்" என்று புரோக்கர் சொல்வது. அதில் ஏறுவது உங்கள் கடன்தான், வீடு அதே வீடுதான். வங்கி தன் மதிப்பான 48-க்கு 80 சதவீதம் தந்தால், கடன் அதிகபட்சம் 38.40 லட்சம் கிடைக்கும். 62-க்கு வாங்கினால் பாக்கி 23.60, அதன்மேல் பத்திரச் செலவு ஐந்தரை லட்சத்துக்கு மேல், எல்லாம் உங்கள் கையிலிருந்து.

வாடகைக்கு விட வாங்குபவர் பஸ் ஸ்டாண்ட் எவ்வளவு தூரம் என்று பார்க்கட்டும். குடியிருக்கப் போகிற நீங்கள் தண்ணீரைப் பாருங்கள். 2015 மழையிலும் 2024 ஃபெஞ்சல் வெள்ளத்திலும் எதுவரை ஏறியது என்று விற்பவரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டில் கேளுங்கள்.

அடித்துப் பேசி விலையைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் வழிகாட்டி மதிப்பு என்று, பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை ஒன்று இருக்கிறது. நீங்கள் 45-க்கு முடித்து, அரசுக் கணக்கில் 52 வந்தால், முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தை 52-க்குத்தான் கட்ட வேண்டும். அதோடும் விடாது, வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த 7 லட்சத்தையே உங்கள் வருமானம் என்று வருமான வரித்துறை வரி கேட்கும். தெருவுக்கு ஒரு விலை போட்டுவிட்டு, அதே தெருவில் ஒரு முனை மூழ்குவதும் மறுமுனை மூழ்காததும் பதிவுத்துறைக்குக் கணக்கில்லை. வழிகாட்டி மதிப்பு அதிகம் என்று முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் முறையிடலாம் என்பார்கள், அலைச்சல் உங்களுடையது. அதனால் அந்த மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் முதலில் பாருங்கள்.

தண்ணீர் ஏறாத வீடு என்றால் பேச்சை 50-ல் ஆரம்பியுங்கள். 30 வருட வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திர (இந்தச் சொத்தின் முந்தைய பத்திரம்) அசலும் பார்க்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.