65 வயதில் மெடிகேரின் மருந்து காப்பீடான பார்ட் டி எடுக்காவிட்டால் அபராதம் வருமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வரும் மார்ச்சில் 65 வயது ஆகிறது. 67 ஆகும் மார்ச் கடைசியில் ஓய்வு பெற எண்ணம். நானும் மனைவியும் (வயது 61) கம்பெனியின் பி.பி.ஓ. (விரும்பிய மருத்துவரிடம் போக வசதியுள்ள) காப்பீட்டில் இருக்கிறோம். ஜனவரியிலிருந்து ஹெச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) கணக்கோடு வரும் ஹை டிடக்டிபிள் (ஆரம்பச் செலவை அதிகமாக நாமே ஏற்கும்) திட்டத்துக்கு மாறலாமா? பி.பி.ஓ.வின் மருந்து காப்பீடு ‘கிரெடிட்டபிள்’, மற்றது ‘நான்-கிரெடிட்டபிள்’ என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இரண்டே மாத்திரைதான், அதுவும் பெரும்பாலும் சென்னையிலிருந்து வாங்கி வருவது.

பதில்: பலர் பிரிக்காமலே போடும் கடிதத்தைப் படித்திருக்கிறீர்கள், நல்லது. மெடிகேரின் (65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) வழக்கமான பார்ட் டி மருந்துக்குச் செலவழிக்கும் அளவுக்காவது உங்கள் கம்பெனித் திட்டமும் சராசரியாகச் செலவழிக்கும் என்றால் அது கிரெடிட்டபிள். திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். ஒரே கம்பெனியில் ஒன்று தேறும், இன்னொன்று தேறாது. அடுத்த வருடம் மாறவும் செய்யலாம். அதனால்தான் ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 15-க்குள் இந்தக் கடிதம் வரும்.

பி.பி.ஓ.விலேயே இருந்தால் பார்ட் டி பற்றி இப்போது கவலை வேண்டாம். வேலை முடிந்து காப்பீடு நின்றதும், 63 நாள் இடைவெளி விழாமல் சேர்ந்துவிடுங்கள். கடிதங்களை மட்டும் பத்திரமாக வையுங்கள், அன்றைக்கு அத்தாட்சி கேட்பார்கள்.

மாறினால்? கிரெடிட்டபிள் காப்பீடு இல்லாமல் பார்ட் டி-யைத் தள்ளிப்போடும் மாதங்களுக்கு அபராதம் உண்டு. உங்களுக்கான பார்ட் டி சேர்க்கைக் காலம் ஜூனோடு முடிகிறது. ஜூலையிலிருந்து ஓய்வு வரை 21 மாதம். மாதத்துக்கு 1 சதவீதம் வீதம், 2026-இன் அடிப்படை பிரீமியமான 38.99 டாலரில் 21 சதவீதம் என்றால் மாதம் 8.20 டாலர். பார்ட் டி இருக்கும்வரை, ஆயுள் முழுக்க இது கூடவே வரும். அடிப்படை பிரீமியம் ஏறினால் இதுவும் ஏறும்.

அபராதம் வேண்டாமென்று ஹெச்.எஸ்.ஏ. திட்டத்தோடு பார்ட் டி-யும் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பார்ட் டி-க்கு மெடிகேரின் பார்ட் ஏ (மருத்துவமனைக் காப்பீடு) அல்லது பி (மருத்துவர் கட்டணக் காப்பீடு) வேண்டும். மெடிகேரின் எந்தப் பகுதியில் சேர்ந்தாலும் ஹெச்.எஸ்.ஏ.வில் பணம் போட முடியாது. சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) வாங்க ஆரம்பித்தாலும் பார்ட் ஏ தானாகவே வந்துவிடும்.

என் கணக்கைச் சொல்கிறேன். ஹெச்.எஸ்.ஏ.வில் போடக்கூடிய உச்சவரம்பு 2026-இல் குடும்பத்துக்கு 8,750 டாலர், 55 வயது தாண்டியதற்காக இன்னும் 1,000. முழுவதையும் நீங்களே போட்டால், 22 சதவீத வரி வரம்பில் ஆண்டுக்கு 2,145 டாலர் ஃபெடரல் வரி மிச்சம். (நியூ ஜெர்சி மாநில வரியில் இந்தச் சலுகை கிடையாது.) அதற்கு எதிரே அபராதம் ஆண்டுக்கு நூறு டாலருக்கும் குறைவு. இரண்டு மாத்திரைக்காரருக்கு அபராதத்தை ஏற்றுக்கொண்டு மாறுவதே லாபம் என்பேன். ஆனால் உங்கள் இருவரில் யாருக்காவது விலை கூடிய ஊசி மருந்தோ புற்றுநோய் மருந்தோ தேவைப்படும் என்றால் பி.பி.ஓ.வை விடாதீர்கள். சென்னை மாத்திரை செலவைக் குறைக்கும், சரி. காப்பீட்டுக் கணக்கில் அதற்கு மதிப்பே இல்லை.

மாறினால் இன்னொன்று: 65 தாண்டி மெடிகேருக்கு விண்ணப்பித்தால் பார்ட் ஏ ஆறு மாதம் பின்தேதியிட்டுத் தொடங்கும். ஆகவே ஆறு மாதம் முன்பே ஹெச்.எஸ்.ஏ.வில் போடுவதை நிறுத்துங்கள். பார்ட் பி-யை வேலையில் இருக்கும்வரை தள்ளிப்போடலாம். ஓய்வுக்குப் பிறகு கோப்ரா (முழு பிரீமியத்தையும் நாமே கட்டி கம்பெனிக் காப்பீட்டைத் தொடரும் வசதி) இருக்கிறதே என்று பார்ட் பி-யைத் தள்ளக் கூடாது. வேலை முடிந்து எட்டு மாதம்தான் அவகாசம்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். நீங்கள் ஓய்வு பெறும்போது உங்கள் மனைவிக்கு 63 வயதுதான் இருக்கும். உங்களுக்கு மெடிகேர் வந்துவிடும், அவருக்கு வராது. கோப்ரா பிரீமியம் எவ்வளவு என்று ஹெச்.ஆரிடம் இப்போதே கேளுங்கள். ‘கெட் கவர்டு நியூ ஜெர்சி’ என்ற மாநிலக் காப்பீட்டுச் சந்தையில் அதே வயதுக்கு என்ன விலை என்றும் பாருங்கள். அந்த இரண்டு வருடத் தொகையை ஓய்வுக்காலச் செலவில் சேர்த்த பிறகு, 67-ஆ 69-ஆ என்று முடிவு செய்யுங்கள்.