வாசகர் கேள்வி - பதில்: அப்டேட், தானாகவா? நாமாகவா?

கேள்வி: எங்கள் தோட்ட ஆபீசில் ஒரே கணினி, விண்டோஸ் 11. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில்தான் இணையம். வேலை மும்முரமாக நடக்கும்போது அப்டேட் இறங்கி டேட்டாவைத் தின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு ரீஸ்டார்ட் வேறு. அப்டேட்டையே அடைத்துவிடலாம் என்கிறார் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்). சரியா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அடைக்க வேண்டாம், தேதியைத் தள்ளிவைத்தால் போதும். மைக்ரோசாஃப்ட்டின் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் இரண்டாவது செவ்வாய் வெளியாகும். மலேசியாவில் அது புதன் அதிகாலை, 9க்கும் 15க்கும் இடையில் ஒரு நாள். ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தாக்களைக் கட்டக் கடைசி நாளும் 15தான். சிக்கலே இங்கேதான்.

அதனால் 2ஆம் தேதி செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட் போய் 'பாஸ் அப்டேட்ஸ்' பகுதியில் 2 வாரம் என்று வையுங்கள். 16ஆம் தேதி காலையிலேயே 'ரிசியூம்' அழுத்தி, இறக்கி, ரீஸ்டார்ட் வரை முடித்துவிடுங்கள். மாலைக்கு விடாதீர்கள்: பாதியில் இடிமழைக்குக் கரண்ட் போனால், போட்டதையெல்லாம் விண்டோஸ் திரும்பக் கழற்றும், சில சமயம் கணினி எழும்பாமலே போகும். டேட்டாவுக்கு, அந்த ஹாட்ஸ்பாட்டின் வைஃபை பக்கத்தில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' போடுங்கள். பெரும்பாலான அப்டேட்கள் நீங்கள் சொன்னால்தான் இறங்கும்.

ஒரு வாரத் தாமதம் பெரிய ஆபத்தில்லை. மாதக்கணக்கில் விடுவதுதான் ஆபத்து. 2017 மே மாதம் பணம் கேட்டு மிரட்டும் வான்னாகிரை வைரஸ் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. பிரவுசர், ஆன்டிவைரஸ் இரண்டையும் எப்போதும் தானியங்கியிலேயே விடுங்கள்.

சம்பள மென்பொருளை மட்டும் நீங்களே அப்டேட் செய்யுங்கள். முதலில் டேட்டா ஃபோல்டரை பென்டிரைவில் நகலெடுங்கள். போட்டு முடித்ததும் போன மாதச் சம்பளச் சீட்டு ஒன்றை மறுபடி கணக்கிட்டு, பிடித்தங்கள் காசு பிசகாமல் வருகின்றனவா என்று பாருங்கள். நாமே செய்ய வேண்டிய வேலை என்பதற்காகத் தள்ளிப்போடவும் கூடாது: 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் ஈபிஎஃப் 2 விழுக்காடு கட்டாயமானது. பழைய பதிப்பு அதைப் பிடிக்காது. பிறகு பாக்கியை யார் கட்டுவது?

கேள்வி: கைப்பேசியில் தானாக அப்டேட் ஆக விடலாமா?
- வாசகர், பகாவ்

பதில்: தாராளமாக. பிளே ஸ்டோரில் 'வைஃபையில் மட்டும்' என்று வையுங்கள். ஆனால் 'வங்கிச் செயலியின் புதிய பதிப்பு' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோருக்கு வெளியே செயலியை நிறுவும் கோப்பு) தொடவே தொடாதீர்கள். அது உங்களுக்கு வரும் டிஏசி எண்ணை (பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் ரகசிய எண்) படித்துப் பணத்தை எடுத்துவிடும். தொட்டுவிட்டால் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்து, வேறு கைப்பேசியிலிருந்து உடனே வங்கியையோ தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள்.