‘பை’ எங்கே, ‘அன்டில்’ எங்கே?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘பை ஃப்ரைடே’, ‘அன்டில் ஃப்ரைடே’ இரண்டும் ஒன்றுதானா? ‘பை’க்கு வேறு பொருள்கள் உண்டா?

பதில்: ஒன்றல்ல. ‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள். செவ்வாயன்றே முடித்துக் கொடுத்தாலும் சரி. ‘அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிவரை தொடர்ந்து நடப்பது. ‘சப்மிட் இட் அன்டில் ஃப்ரைடே’ என்பது தவறு. ‘வெள்ளிவரை டைம் இருக்கு’ என்று பேசிப் பழகியதால் பலருக்கும் வரும் குழப்பம் இது.

எண்களோடு வரும்போது இன்னும் கவனம் தேவை. 50 இருந்தது ‘பை 10’ கூடினால் 60. ‘டு 70’ கூடியது என்றால் 70-இல் நிற்கிறது, கூடியது 20. ஒப்பந்தம் படிக்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

காரில் போவதைச் சொல்ல ‘பை கார்’ சரி. ‘பை மை கார்’ வராது, ‘இன் மை கார்’தான். நடந்து போனால் ‘ஆன் ஃபுட்’. ‘பை த டோர்’ என்றால் கதவருகே.