நீலகிரியின் கொயினா மரங்கள்: கேள்வி பதில்

பெரு நாட்டு மரத்தை ஊட்டிக்கு ஏன் கொண்டுவந்தார்கள், சார்?

அன்றைக்கு மலேரியாவுக்குக் கேட்ட ஒரே மருந்து பெரு நாட்டுச் சின்கோனா மரத்தின் பட்டைதான். அதிலிருந்து 1820-இல் பாரிஸில் கொயினா என்ற மருந்துச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். பட்டையோ ஆண்டிஸ் மலைக்காடுகளிலிருந்து மட்டும்தான் வரும். பட்டைக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். இந்தியாவில் காய்ச்சலில் விழுந்த சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் இதை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அதனால் கன்றுகளை இங்கே கொண்டுவர 1859-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயரைத் தென்னமெரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

அப்படியென்றால் நம் மலையில் இருப்பது மார்க்கம் கொண்டுவந்த மரங்களா?

இல்லை. தெற்குப் பெருவிலிருந்து அவர் கண்ணாடிப் பெட்டிகளில் கொண்டுவந்த கன்றுகள் வழியில் வெயிலில் வாடி, ஊட்டி வந்தும் பிழைக்கவில்லை. இங்கே வேர் பிடித்தது சிவப்புப் பட்டை வகை. ஈக்வடாரின் சிம்போரசோ மலைச்சரிவில், உடம்பு முடியாத நிலையிலும் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற தாவரவியலாளர் 1860-இல் சேகரித்தது அது. ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் கன்றுகளை 1861-இல் ஊட்டியில் சேர்த்தார். தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் பொறுப்பேற்று தொட்டபெட்டா, நடுவட்டம் பக்கம் சோலைக்காடுகளை அழித்து நட்டார். சோலை போனால் ஊற்றும் போகும். அந்தக் கணக்கை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

மரத்தில் பாசியைக் கட்டிப் பட்டை எடுப்பார்களாமே, உண்மையா?

உண்மைதான், மெக்ஐவரின் முறை அது. மரத்தை வெட்டாமல், நிற்கும்போதே பட்டையை நீள நீளமாக, ஒன்றுவிட்டு ஒன்றாக உரிப்பார்கள். உரித்த இடத்தில் ஈரப்பாசியை வைத்துக் கட்டினால் புதுப்பட்டை வளரும். பழைய பட்டையைவிட அதில் மருந்துச் சத்தும் கூடுதல். மிக நல்ல உத்தி, ஆனால் ஆள் நிறைய வேண்டும்.

நடுவட்டத்தில் சீனக் கைதிகள் இருந்தார்கள் என்று தாத்தா சொல்வார். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், அண்ணா?

தாத்தா சொன்னது சரி. மலாயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் தண்டிக்கப்பட்டு சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். தோட்ட வேலைக்கு ஆள் போதாதபோது அவர்களை நடுவட்டத்தில் வைத்து வேலை வாங்கினார்கள். அந்தச் சிறைக் கட்டடம் இன்றும் இருக்கிறது, போனால் பாருங்கள். விடுதலையான சிலர் அங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டுப் பிழைத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு இனக்கலப்பாகப் பார்த்து உடலளவு எடுத்தாரே தவிர, அவர்கள் பட்ட பாட்டை எழுதவில்லை. அது எனக்கு ஆறாத குறை.

இவ்வளவு செய்தும் கொயினா வணிகம் ஏன் டச்சுக்காரர்களின் ஜாவாவுக்குப் போனது?

விதைதான் காரணம். பொலிவியக் காடுகளில் எந்த மரத்தில் சத்து அதிகம் என்று பார்த்தே சொல்லக்கூடியவர் மானுவேல் இன்க்ரா மமானி. சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வணிகரிடம் வேலை செய்த பழங்குடி மனிதர். உறைபனி பூவைக் கருக்கிய வருடங்களில் காத்திருந்து, நல்ல விதை கிடைத்ததும் 1865-இல் கொண்டுவந்து கொடுத்தார். லெட்ஜரின் சகோதரர் லண்டனில் விற்கப் பார்த்தபோது, சிவப்புப் பட்டை கையில் இருந்த பிரிட்டிஷ் அரசு வேண்டாம் என்றது. டச்சு அரசு வெறும் ஒரு பவுண்டு விதை வாங்கியது. அதில் வளர்ந்த மரங்கள் சிலவற்றின் பட்டையில் பத்து சதவீதத்துக்கு மேல் கொயினா இருந்தது; நம் சிவப்புப் பட்டையில் அதில் சிறு பங்குதான். அந்த வகை நோஞ்சான் என்பதால், சிவப்புப் பட்டைக் கன்றின் அடித்தண்டில் ஒட்டுக்கட்டி வளர்த்தார்கள். 1930-களில் உலகக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவுடையது.

மமானி விதை கடத்திய குற்றத்துக்காகச் சிறையில் அடிபட்டு, வெளியே வந்த கொஞ்ச நாளில் இறந்துபோனார். மரத்துக்கு வைத்த பெயர் லெட்ஜருடையது. இந்த வரலாற்றைச் சொல்லும்போது மமானி பெயரை முதலில் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இலங்கையிலும் இருந்ததா?

இருந்தது. 1861-இல் ஹக்கலையில் தொடங்கினார்கள். இலைத்துரு நோயில் காப்பி அழிந்ததும் தோட்டக்காரர்கள் எல்லோரும் சின்கோனாவில் விழுந்தார்கள். 1880-களில் பட்டை குவிந்து விலை சரிய, மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலைக்குப் போனார்கள். நட்டதும் பிடுங்கியதும் மலையகத் தமிழர் கைகள்தான்.

வால்பாறை பக்கத்துச் சின்கோனா என்ற ஊருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அது அரசு சின்கோனா தோட்டம் இருந்த இடம். செயற்கை மருந்துகள் வந்ததும் தேவை குறைந்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க அரசு தேயிலைத் தோட்டங்களை வளர்த்தபோது, சின்கோனா நிலங்களும் டான்டீ என்ற அரசு தேயிலை நிறுவனத்தின் தேயிலைக்காடாயின.

பட்டை கிடைத்தால் காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஒரு பட்டையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. அளவு கூடினால் காதில் இரைச்சல், பார்வை மங்கல், இதயத் துடிப்பில் கோளாறு எல்லாம் வரும். அரசு ஆஸ்பத்திரியில் மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனை இலவசம், முதலில் அங்கே போங்கள்.